பள்ளிக்கூடத்தை விட்ட தம்பிக்கு என்ன ஆயிற்று: திமிரா, மனநோயா?

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். தம்பிக்கு 17 வயது. பத்தாவது வரை ஊரில் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், மார்க்கும் மோசமில்லை. பதினொன்றில் நல்ல ஸ்கூல் என்று விசாரித்து, ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்த்தீர்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது வயிற்றுவலி என்று அடிக்கடி லீவு போட்டான். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போகவே இல்லை. அப்புறம் மூன்று மாதம் பனியன் கம்பெனியில் ஹெல்பர் வேலை, அதையும் விட்டுவிட்டான். இப்போது பகல் பன்னிரண்டு வரை தூக்கம், ராத்திரி முழுக்க செல்போன், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வருவதில்லை, அப்பா பேச ஆரம்பித்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறான். இது திமிரா, மனநோயா, கட்டாயப்படுத்தியாவது திரும்பப் பள்ளிக்கு அனுப்பினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் இன்னொரு கேள்வியும் உள்ளே இருக்கிறது. நாங்கள் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா, இன்னும் நேரம் இருக்கிறதா என்பது அது. அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நேரம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

நான் மனநல சமூகப்பணி படித்தவள். திருப்பூர், கோவை வட்டாரத்தில் பதினாறு வருடமாக வளரிளம் பருவப் பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை. பத்து வரி படித்துவிட்டு உங்கள் தம்பிக்கு இன்ன நோய் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த மாதிரி நிலையில் என்ன நடக்கிறது, எங்கே பார்க்க வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதைத் தைரியமாகச் சொல்ல முடியும்.

பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்ற பிள்ளைகளைவிட அதிகம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன, இதில் எனக்குச் சந்தேகமில்லை. எது முதலில் வந்தது என்பதில்தான் கவனமாக இருக்க வேண்டும். படிப்பை விட்டதால் மனம் கெட்டதா, மனம் கெட்டிருந்ததால் படிப்பு விட்டுப்போனதா? இரண்டும் நடக்கிறது, ஒரே பிள்ளையிடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகவும் நடக்கிறது. 2015-16-இல் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது தெரிய வந்தது. ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் இரண்டு மூன்று பேர். பெரியவர்களுக்கு வரும் மனநலப் பிரச்சினைகளில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகிறது என்பதும் நிறுவப்பட்ட விஷயம். ஆக, பல பிள்ளைகள் பள்ளியை விடும் நாளில் புதிதாக எதுவும் தொடங்குவதில்லை. கொஞ்ச நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அன்றைக்கு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

கனடாவில் மாண்ட்ரியல் நகரையொட்டிய பள்ளிகளில் 545 பிள்ளைகளிடம் விரிவாகப் பேசி ஓர் ஆய்வு செய்தார்கள். பள்ளியை விட்டவர்களையும், அதே போன்ற குடும்பச் சூழ்நிலையும் மதிப்பெண்ணும் இருந்து விடாமல் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விட்டவர்களில் பலருக்கு, தொடர்ந்தவர்களைவிட அதிகமானவர்களுக்கு, விடுவதற்கு முந்தைய சில மாதங்களில் ஏதோ ஒரு பெரிய அடி விழுந்திருந்தது. வீட்டில் ஒரு சண்டை, பள்ளியில் ஒரு அவமானம், ஒரு நண்பனோடு முறிவு, போலீஸ் வரை போன ஒரு சம்பவம், இப்படி ஏதோ ஒன்று. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஆய்வை அப்படியே பொருத்த முடியாது. இங்கே கூலியும் கடனும் சாதியும் கல்யாணமும் சேர்ந்துகொள்கின்றன. ஆனாலும் அந்த ஒரு விஷயம் என் அனுபவத்தோடு நன்றாக ஒத்துப்போகிறது. அதனால் ஒரு பிள்ளை பள்ளியை விட்டுவிட்டான் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, விடுவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்பதுதான். ஏன் விட்டாய் என்று கேட்டால் பிள்ளைகள் 'பிடிக்கல' என்பார்கள். அந்த மூன்று மாதத்தை வாரம் வாரமாகப் பேசினால்தான் விஷயம் வரும்.

உங்கள் கடிதத்தில் அந்த மூன்று மாதம் ஒரு வரியில் வந்துபோகிறது: அந்த வயிற்றுவலி. அது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்ததா? பள்ளி நாளில் காலை ஏழு மணிக்கு வந்து, லீவு என்று உறுதியானதும் பத்து மணிக்குள் அடங்கிவிட்டதா? அப்படி என்றால் அதை நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பயம் குடலைப் பிசையும், அந்த வலி நிஜமான வலி. பெரியவர்களுக்குக்கூட கோர்ட்டுக்குப் போகும் நாளில் வயிறு கலக்குகிறதே, அதே வலிதான். ஒரு தடவை மருத்துவரிடம் காட்டி வயிற்றில் வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. இல்லை என்று தெரிந்தால், அவன் வாயால் சொல்ல முடியாததை உடம்பு சொல்லியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியது. பெற்றவர்கள் நல்ல எண்ணத்தில் செய்வது, செலவும் கூடுதல். ஆனால் என்னிடம் வரும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் இடறி விழுந்த இடம் இதுதான். ஒரு பையனின் இயற்பியல் நோட்டை அவன் அம்மா என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஜூன் மாதப் பக்கங்களில் ஆசிரியர் சொன்ன ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். 'வெலாசிட்டி', அதற்குப் பக்கத்தில் சின்னதாக 'திசைவேகம்'. பத்தாவதில் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்த பாடம்தான் அது. ஆகஸ்டில் பக்கத்தில் தமிழ் குறைந்து, போர்டில் இருந்ததை அப்படியே பார்த்து வரைந்தது மாதிரி எழுத்து. அக்டோபருக்குப் பிறகு தேதி மட்டும் போட்டிருந்தான், கீழே ஒன்றுமில்லை. அப்படியும் தினமும் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். காலை ஒன்பதரையிலிருந்து நாலரை வரை, ஒன்றும் புரியாமல், புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. இதை ஆறு மாதம் செய்தால் எந்தப் பிள்ளைக்கும் தான் முட்டாள் என்ற எண்ணம் வந்துவிடும். பத்தாவதில் வகுப்பில் மதிக்கப்பட்ட பையனாக இருந்தால் இன்னும் வேகமாக வரும். உங்கள் தம்பிக்கும் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய பழைய நோட்டுகள் பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அவனுக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள், பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் பாருங்கள்.

சிலருக்குச் சின்ன வயதிலிருந்தே கற்றல் குறைபாடு இருக்கும். எழுத்துகளைச் சேர்த்துப் படிப்பதிலோ கணக்கிலோ மட்டும் சிக்கல், மற்றபடி நல்ல அறிவு. பத்தாவது வரை மனப்பாடத்தில் ஓட்டிவிடுவார்கள், பதினொன்றில் சுமை ஏறியதும் தாங்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முறையாகச் சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. தம்பி சின்ன வகுப்பில் சத்தமாக வாசிக்கத் திணறுவானா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி, விட்ட பிறகு நடப்பது. பள்ளிக்கூடம் பாடம் மட்டும் தருவதில்லை. காலையில் எழ ஒரு காரணம், போட்டுக்கொள்ள ஒரு சட்டை, உட்கார ஓர் இடம், கூப்பிட ஒரு பட்டப்பெயர், எல்லாம் தருகிறது. அது ஒரே நாளில் போய்விடும்போது அந்த இடத்தில் வேறு எதுவும் வருவதில்லை. என்னிடம் வந்த இன்னொரு பையன் காலை எட்டு மணிமுதல் ஒன்பதரைவரை வீட்டைவிட்டு வெளியே வரவே மாட்டான். பால் வாங்கக்கூட மாட்டான். அவன் செட்டுப் பையன்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நேரம் அது. சாயங்காலம் கடைக்குப் போனாலும் பள்ளி இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவான். ஐடி கார்டை மட்டும் தூக்கிப் போடவில்லை, தலையணை உறைக்குள் வைத்திருந்தான். வீட்டில் எல்லோரும் அவன் பள்ளியை வெறுக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாண வீடு, காதுகுத்து, கிடாவெட்டு எங்கே போனாலும் முதல் கேள்வி 'என்ன கண்ணு படிக்கிற?' என்பதுதான். கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பிள்ளை, அடுத்த விசேஷத்துக்கு வரமாட்டான். ராத்திரி செல்போனையும் பாதி இப்படித்தான் பார்க்க வேண்டும். இரவு பதினொன்றுக்கு மேல் யாரும் அவனை எதுவும் கேட்பதில்லை, அப்போதுதான் அவனுக்கு மூச்சு விட முடிகிறது. போன் தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கம் கெட்டால் மனச்சோர்வு கூடுகிறது, இது உண்மைதான். ஆனால் செல்போனால்தான் எல்லாம் கெட்டது என்று அதைப் பிடுங்கி உடைத்தால், அவனுக்கு மிச்சமிருந்த ஒரே வெளி உலகத்தையும் மூடிவிடுகிறீர்கள். அப்படி உடைத்துவிட்டு ஓடிவந்த அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அடுத்த சில நாட்கள் ரொம்ப ஆபத்தானவை.

பனியன் கம்பெனி பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போனது தப்பு என்று நான் நினைக்கவில்லை. சனிக்கிழமை சம்பளத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்த நாளில் முகம் தெளிந்த பிள்ளைகள் உண்டு. நல்ல டைலர் ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்துத் தொழில் சொல்லிக்கொடுத்தால், ஆறு மாதத்தில் பவர் டேபிளில் (தையல் மெஷினில்) உட்கார்ந்து தலை நிமிர்ந்துவிடுவான். ஆனால் ஹெல்பராகவே வைத்து, ஒன்றரை ஷிப்ட் நிற்கவைத்து, பண்டல் தூக்கவிட்டு, ஏய் என்று மட்டுமே கூப்பிடும் இடமாக இருந்தால், பள்ளியில் பட்ட அடி மேலேயே இரண்டாவது அடி விழும். இரண்டு இடத்திலும் நான் உருப்படவில்லை என்று அவன் முடிவு கட்டியிருக்கலாம். முதல் முயற்சி தோற்றதைவிட இரண்டாவது தோற்றதுதான் பல பிள்ளைகளை அறைக்குள் தள்ளுகிறது. கம்பெனியை ஏன் விட்டான் என்பதை யாராவது நிதானமாகக் கேட்டீர்களா?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்த அறை, கதவு எதுவுமே தெரியாது. பள்ளி நின்றதும் தம்பி தங்கையைப் பார்ப்பது, சமையல், துணி என்று வேலை வந்துவிடும். சுறுசுறுப்பாக இருக்கிறாளே என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே நொந்துகொண்டிருப்பது வரன் பார்க்கும்போதுதான், சில சமயம் மிகத் தாமதமாகத்தான், தெரியும். உங்கள் கேள்விக்கு இது நேராகத் தொடர்பில்லை என்றாலும், உங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இருந்தால் போய் ஒரு நாள் பேசுங்கள்.

சரி, திமிரா நோயா? இந்த வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது. எரிச்சலாக, எடுத்தெறிந்து பேசுவதாக, கதவைச் சாத்துவதாக வரும். பெரியவர்களுக்கு அது திமிராகத் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய எல்லா நாளும் இப்படியே இருந்து, முன்பு பிடித்த விஷயங்கள்கூட (கிரிக்கெட், பைக், ஒரு நண்பன், எதுவானாலும்) பிடிக்காமல் போய், தூக்கமோ பசியோ மாறியிருந்தால் ஒரு மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். உங்கள் தம்பிக்கு இது மாதக்கணக்கில் நடக்கிறது, அதனால் ஒரு முறை காட்டிவிடுங்கள் என்பதுதான் என் எண்ணம். யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், கேட்கிறார்கள் என்று சந்தேகப்பட்டாலோ, தனியாகச் சிரித்துப் பேசினாலோ, குளிப்பதையே விட்டுவிட்டாலோ தள்ளிப்போடவே கூடாது. அப்படிப்பட்ட கடுமையான நோய்கள் இந்த வயதை ஒட்டித்தான் தொடங்கும், சீக்கிரம் பார்த்தால் நன்றாகக் கட்டுப்படும். புகையிலை, கஞ்சா, மாத்திரை என்று ஏதாவது பழக்கம் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று அவனிடம் நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, இதில் ஆய்வுகள் தெளிவாக இருக்கின்றன. கேட்டதும் பல பிள்ளைகள் உடைந்து அழுவார்கள், அது பாரம் இறங்கும் அழுகை. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள், வீட்டில் உள்ள மாத்திரைகளையும் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அவன் பேசாவிட்டாலும் நீங்கள் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்டார மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். செலவில்லை. அவன் வரமாட்டேன் என்றால் முதல் முறை நீங்களும் அம்மாவும் மட்டும் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். நான் பார்த்ததில் பாதிப் பேர் இரண்டாவது முறை தானாக வந்திருக்கிறார்கள். தூக்கம் வரவில்லை, அதற்குக் காட்டலாம் என்று கூப்பிட்டால் வருவார்கள். அது பொய்யும் இல்லை.

கட்டாயப்படுத்தித் திரும்ப அனுப்புவதைப் பற்றி. வேண்டாம். அதே பள்ளி, அதே வகுப்பு, ஒரு வருடம் சின்னப் பிள்ளைகளோடு என்றால், எதற்குப் பயந்து ஓடிவந்தானோ அதன் வாயிலேயே கொண்டுபோய் விடுகிறீர்கள். பள்ளிக்குத் திரும்பினாலே மனம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு ஆகியிருக்கிறது, சிலர் இரண்டாவது முறையும் நின்றிருக்கிறார்கள். திரும்பிப் போய் நிலைத்தவர்களிடம் நான் பார்த்த பொது விஷயம், போவதற்கு முன்னாலேயே அவர்களுடைய நாள் ஒழுங்குக்கு வந்திருந்தது, எங்கே போவது என்பதை அவர்களே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அதனால் முதல் ஒன்றிரண்டு மாதம் படிப்புப் பேச்சே வேண்டாம். அப்பாவிடம் இதைச் சொல்வது கஷ்டம், தெரியும். அவர் திட்டுவது பயத்தில், மகன் தன்னைப் போல லோல்படக்கூடாது என்ற பயம். அதை அவர் மகனிடம் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். சொல்லச் சொல்லுங்கள். முடியாவிட்டால், சாப்பிடும்போது மட்டுமாவது எதுவும் கேட்காமல் இருக்கச் சொல்லுங்கள். அதற்கே வீட்டில் காற்று மாறும். பிறகு அவனுக்கு ஒரு சின்னப் பொறுப்பு, பிறர் அவனை எதிர்பார்த்துக் காத்திருக்கிற மாதிரி ஒன்று. அம்மாவைக் காலையில் பஸ் ஏற்றிவிடுவது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தருவது, மாமாவின் கடையில் இரண்டு மணி நேரம் உட்காருவது. மனம் தெளிந்தால்தான் எழுந்து வேலை செய்வான் என்று காத்திருக்க வேண்டாம். கொஞ்சம் எழுந்து நடமாடினால்தான் மனம் தெளியும், மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே இதை ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். எழும் நேரத்தை வாரத்துக்கு அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்தால் போதும், ஒரேயடியாக ஆறு மணிக்கு எழுப்பாதீர்கள்.

அவனே வழி கேட்கும்போது சொல்ல வழிகள் இருக்கின்றன. கையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கிறது, அது பெரிய சொத்து. அரசு ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேரலாம், கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இரண்டு வருடப் பிரிவு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வாய்ப்பிருக்கிறது. பத்தாவது மார்க்கை வைத்துப் பாலிடெக்னிக் முதலாமாண்டும் சேரலாம். பன்னிரண்டாவதுதான் வேண்டும் என்றால் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில், அவனுக்குப் பிடித்த குரூப்பில் மறுபடி பதினொன்று சேர முடியுமா என்று தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள். 2017-18-இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் எடுக்கப்பட்டுவிட்டதால் அந்த வருடத்தின் பாரம் இப்போது குறைவு. வகுப்பறையே வேண்டாம் என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பாடம் பாடமாகத் தேர்வு எழுதலாம், ஐந்து வருடம் அவகாசம் தருகிறார்கள். அடுத்து அவன் சேர நினைக்கும் கல்லூரியிலோ வேலையிலோ அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் பள்ளியிலிருந்து டி.சி. வாங்கவில்லை என்றால் அதை மட்டும் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். வாங்கப் போகும்போது அவனைக் கூட்டிப் போக வேண்டாம்.

நீங்கள் அக்கா என்பதால் கடைசியாக ஒன்று. அம்மா அப்பாவிடம் சொல்லாததை அக்காவிடம் சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ராத்திரி அவன் விழித்திருக்கும் நேரத்தில், இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மூன்று நாள் எதுவும் கேட்காதீர்கள், அவன் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். நாலாவது நாள், 'அந்த ஸ்கூல்ல சேர்த்தப்ப உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்டா' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அதற்கு அவன் என்ன சொல்கிறான் என்பதை, விருப்பமிருந்தால், எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.